பையனுக்கு ஏர்கன் வாங்குறதுக்கு முன்னாடி

சிறுசேரியில எங்க ஆபீஸ்ல கூட வேலை பார்க்கிற அண்ணன் ஒருத்தர் போன வாரம் காபி மெஷின் பக்கத்துல என்னைப் பிடிச்சுக்கிட்டார்.

"தம்பி, நீ ஸ்கூல்ல என்.சி.சி.ல இருந்தேன்னு சொன்னியே. பையனுக்கு பதிமூணு வயசு ஆகப் போகுது. பிறந்தநாளுக்கு ஒரு ஏர்கன் வாங்கித் தரலாம்னு இருக்கேன். உதை கம்மியா இருக்கிற மாதிரி நல்லதா ஒண்ணு சொல்லேன்."

"எதுக்குண்ணே?"

"சும்மாதான். ஞாயித்துக்கிழமை கோவளம் சவுக்குத் தோப்பு பக்கம் கூட்டிட்டுப் போறேன். கொக்கு கிக்கு சுடட்டுமே. எங்க காலத்துல நாங்க உண்டிகோல் வச்சு அடிக்கலியா?"

அவருக்கு நின்ன இடத்திலேயே கொஞ்சம் பதில் சொன்னேன். அப்புறம் யோசிச்சுப் பார்த்தா இது ஒரு முழுப் பதிவுக்கான சமாச்சாரம். இதே கேள்வி உள்ள அப்பாக்கள் (மாமாக்களும்தான்) நம்ம ஏரியாவுல நிறைய பேர் இருப்பாங்க. நானும் கோவளத்துவாசிங்கிறதால இதுல எனக்குக் கொஞ்சம் சொந்த அக்கறையும் உண்டு.

முதல்ல உதையைப் பத்திப் பேசிடுவோம். ஏன்னா அண்ணன் கேட்டதுல அந்தப் பாதி ரொம்பச் சரியான கேள்வி.

துப்பாக்கி ஏன் உதைக்குதுன்னு எல்லாரும் பள்ளிக்கூடத்துல படிச்சதுதான். உந்த அழிவின்மை விதி. குண்டு முன்னாடி போனா துப்பாக்கி பின்னாடி வரும். கணக்கு போட்டுப் பார்க்கலாம் (இஞ்சினியரிங் படிச்சவன், இது கூட இல்லேன்னா எப்படி). நம்ம போலீஸ்காரங்க கையில ரொம்ப வருஷம் இருந்த த்ரீ நாட் த்ரீ ரைபிளை எடுத்துக்குங்க. குண்டு சுமார் 11 கிராம், வேகம் நொடிக்கு 745 மீட்டர். வெடிமருந்துப் புகையோட வேகத்தையும் சேர்த்தா, 4 கிலோ ரைபிள் தோள்ல வந்து இடிக்கிற ஆற்றல் கிட்டத்தட்ட 16 ஜூல். என்.சி.சி.ல பசங்க சுடுற பாயிண்ட் டூ டூ ரைபிள்ல குண்டு வெறும் 2.6 கிராம், வேகம் சுமார் 330 மீட்டர். அங்கே தோளுக்கு வர்றது ஒரு ஜூல்ல எட்டுல ஒரு பங்கு. அதாவது த்ரீ நாட் த்ரீயை விட நூறு மடங்குக்கும் மேல கம்மி.

பத்தாம் கிளாஸ் பையன்கிட்ட முதல் நாளே பெரிய ரைபிளைக் குடுக்காம பாயிண்ட் டூ டூ குடுக்கிறதுக்குக் காரணம் இதுதான். பெரிய உதை வாங்கின பையன் அடுத்த தடவை ட்ரிகரை இழுக்கிறதுக்கு முன்னாடியே கண்ணை மூடுவான், தோளைச் சுருக்குவான், முகத்தைத் திருப்புவான். அது அவன் வேணும்னு செய்யறது இல்லை, உடம்பு தானா செய்யறது. ஒரு தடவை அந்தப் பழக்கம் ஒட்டிக்கிச்சுன்னா விடுவிக்க மாசக்கணக்கா ஆகும். சத்தமும் அப்படித்தான். உதை பாதி, சத்தம் பாதி.

பழக்கம் இல்லாதவன் துப்பாக்கிச் சத்தத்துக்கு எப்படி மிரளுவான்கிறதுக்கு எங்க ஊர்லயே ஒரு சரித்திரக் கதை இருக்கு. 1752-ல் கோவளம் கோட்டை பிரெஞ்சுக்காரங்க வசம் இருந்தது. அதைப் பிடிக்க ராபர்ட் கிளைவ் வந்தப்போ அவர் கூட இருந்தது இங்கிலாந்துல இருந்து அப்பத்தான் வந்து இறங்கின இருநூறு பேர், புதுசா சேர்த்த ஐநூறு சிப்பாய்கள். கோட்டையில இருந்து வந்த குண்டுல ஒருத்தன் செத்ததும் மிச்சப் பேர் திரும்பி ஓட்டம். இன்னொரு நாள் பீரங்கிச் சத்தத்துல காவலுக்கு நின்னவங்க சிதறி ஓட, அதுல ஒருத்தனை சில மணி நேரம் கழிச்சு ஒரு கிணத்தடியில இருந்து கண்டுபிடிச்சாங்களாம். இதை எழுதி வச்சது மெக்காலே, கிளைவைப் பத்தின கட்டுரையில. கிளைவ் அதே ஆளுங்களைக் கொஞ்சம் கொஞ்சமா பழக்கித்தான் கோட்டையைப் பிடிச்சார். வளர்ந்த ஆம்பளைங்களுக்கே இந்த கதி. பதிமூணு வயசுப் பையனுக்கு உதை கம்மியா வேணும்னு அண்ணன் கேட்டதுல தப்பே இல்லை.

வேட்டை சட்டப்படி நடக்கிற நாடுகள்லயும் இதையேதான் சொல்றாங்க. அமெரிக்காவுல மான் வேட்டைக்குப் பையனை முதல் தடவை கூட்டிட்டுப் போறவங்க பாயிண்ட் டூ ஃபோர் த்ரீ வின்செஸ்டர்னு ஒரு ரைபிள் ரகத்தை வாங்குவாங்க. 1955-ல் வந்தது, இன்னமும் ஓடுது. பெரியவங்க வச்சிருக்கிற தர்ட்டி நாட் சிக்ஸோட உதையில இதுக்குப் பாதிதான் இருக்கும். உதை கம்மின்னா பலம் கம்மின்னு நினைக்க வேண்டாம். ஜிம் கார்பெட் கதை தெரியும்ல? சம்பாவத் பெண்புலியைக் கொன்னதுக்காக 1907-ல் அவருக்குப் பரிசாக் கிடைச்சது பாயிண்ட் டூ செவன் ஃபைவ் ரிக்பி, மிதமான உதை உள்ள ரைபிள். 1930-ல் சௌகர் ஆட்கொல்லிப் புலி பின்னாடி படுத்திருக்கிறதைத் திரும்பிப் பார்த்தப்போ அவரோட இடது கையில பக்கிக் குருவியோட முட்டை ரெண்டு இருந்தது. வலது கையால மட்டும் ரைபிளை மெல்லச் சுத்திக் கொண்டு வந்து சுட்டார். முட்டை உடையலை. பெரிய உதை உள்ள இரட்டைக் குழல் ரைபிளா இருந்திருந்தா ஒத்தைக் கையில அதெல்லாம் நடக்கிற காரியமா?

ஆக, சின்னப் பசங்களுக்கு உதை கம்மியான துப்பாக்கிதான் சரி. இதுல எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது.

ஆனா...

இனிமேதான் மேட்டரே. அந்தக் கணக்கை இன்னொரு பக்கத்துல இருந்து போட்டுப் பாருங்க. தோளுக்கு எவ்வளவு வருதுன்னு பார்த்தோம். முன்னாடி எவ்வளவு போகுது? த்ரீ நாட் த்ரீல தோளுக்கு 16 ஜூல், முன்னாடி போறது சுமார் 3,100 ஜூல். கிட்டத்தட்ட இருநூறு மடங்கு. பாயிண்ட் டூ டூல தோளுக்கு எட்டுல ஒரு ஜூல், முன்னாடி 140. ஆயிரம் மடங்குக்கு மேல. இப்ப ஏர் ரைபிளுக்கு வாங்க. ஈயக் குண்டு அரை கிராம், வேகம் நொடிக்கு 170 மீட்டர்னு வச்சுக்குவோம், துப்பாக்கி 4.5 கிலோ. குண்டுக்காகத் தோளுக்கு வர்றது ஒரு ஜூல்ல ஆயிரத்துல ஒரு பங்கு கூட இல்லை. முன்னாடி போறது 7 ஜூல். ஒன்பதாயிரம் மடங்கு!

அதாவது உதை குறையக் குறைய, நம்ம தோள் உணர்றதுக்கும் எதிர்ல நடக்கிறதுக்கும் உள்ள இடைவெளி கூடிக்கிட்டே போகுது. பெரிய ரைபிள் சுடுறவனுக்கு அந்த இடி "நீ இப்ப ஒரு பெரிய காரியம் பண்ணியிருக்கே"ன்னு தோள்லயே சொல்லிடும். ஏர்கன் ஒண்ணுமே சொல்லாது. 'டப்'னு ஒரு சத்தம், அவ்வளவுதான். பொம்மை மாதிரியே இருக்கும். பையனும் பொம்மைன்னுதான் நினைப்பான். அப்பாவும் அப்படித்தான் நினைக்கிறார், அதனாலதான் பிறந்தநாள் பரிசா வாங்க நினைக்கிறார்.

அந்த 7 ஜூலைச் சாதாரணமா நினைக்காதீங்க. தோலைத் துளைக்க அது தாராளமா போதும். கண்ணுக்கு அதுல ஒரு சின்னப் பங்கே அதிகம். இருநூறு மீட்டர் தாண்டிக்கூட அந்தக் குண்டு போய் விழும். கோவளம் சவுக்குத் தோப்பைத் தாண்டினா என்ன இருக்கு? வலை உலர்த்துறவங்க, கடலுக்குப் போயிட்டு வந்தவங்க, அலைச்சறுக்கு பழகுற பசங்க, ஞாயித்துக்கிழமைன்னா பாதி மெட்ராஸ். தோப்புக்குள்ள நின்னு மேல பார்த்துக் கொக்கைச் சுடுற பையனுக்கு இதெல்லாம் கண்ணுக்கே தெரியாது.

சரி, ஆள் யாருமே இல்லாத இடமாப் பார்த்துச் சுடட்டும்னு சொல்லுவீங்க. அங்கதான் சட்டம் வருது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நம்ம நாட்டுல வேட்டையைக் கிட்டத்தட்ட மூடிடுச்சு, 1991 திருத்தத்தோட லைசன்ஸ் வாங்கி வேட்டையாடுற வழியும் போச்சு. வேட்டைன்னா புலி, யானை மட்டும் இல்லீங்க. முட்டுக்காடு கழிமுகத்துல நாம தினம் பைக்ல கடந்து போறப்போ பார்க்கிற கொக்கு, மடையான், நீர்க்காகம், மீன்கொத்தி எல்லாமே பாதுகாக்கப்பட்ட பறவைகள்தான். சுட்டுச் சாகடிச்சாத்தான் குத்தம்னும் இல்லை. காயப்படுத்தினாலும், முயற்சி பண்ணினாலும், கூட்டைக் கலைச்சாலும் சட்டத்துல அது வேட்டைதான். 2022 திருத்தத்துக்குப் பிறகு பொதுவான குத்தத்துக்கு மூணு வருஷம் வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம். பையன் மைனர்ங்கிறதால கூட நிக்கிற அப்பா பேருதான் முதல்ல எழுதப்படும் :-)

"ஏர்கன்னுக்கு லைசன்ஸே வேண்டாமே"ன்னு அண்ணன் கேட்டார். பாதி உண்மை. 2016 ஆயுத விதிகள்படி 4.5 மில்லிமீட்டர் குழலுக்கு மேல போகாம, 20 ஜூலுக்கு உள்ள இருந்தா லைசன்ஸ் வேண்டாம். ஆனா வச்சுக்கிறதுக்கு லைசன்ஸ் வேண்டாம்கிறது வேற, அதால எதை வேணா சுடலாம்கிறது வேற. இந்த ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பிக்கிறதுதான் நிறைய இடத்துல நடக்குது.

அந்தக் குழப்பத்தோட விலையைப் பார்க்கணும்னா அருணாசலப் பிரதேசத்தைப் பாருங்க. அங்கே ஊர் ஊரா, வீட்டுக்கு வீடு ஏர்கன். சத்தம் இல்லை, உதை இல்லை, லைசன்ஸ் இல்லை, சின்னப் பசங்க கையில கூட இருந்தது. காடு இருந்தும் குருவி இல்லாம போக ஆரம்பிச்சுது. 2021 மார்ச்ல கிழக்கு காமெங் மாவட்டத்துல லும்டுங்ங்கிற ஊர்ல, ஏர்கன்னை நீங்களே கொண்டு வந்து ஒப்படைங்கன்னு அரசாங்கம் ஒரு இயக்கம் ஆரம்பிச்சுது. மக்கள் கொண்டு வந்து குடுத்தது 2,000-க்கும் மேல. தலைமுறை தலைமுறையா வேட்டையாடின ஜனங்களே குடுத்துட்டாங்க. நாம இங்கே ஐ.டி. சம்பளத்துல புதுசா வாங்க ஆரம்பிக்கிறோம்.

இதுக்கு ஒரு பதில் ரெடியா வச்சிருப்பாங்க. "சலீம் அலியே சின்ன வயசுல ஏர்கன்னால குருவி சுட்டவர்தானே?" ஆமா, சுட்டார். மஞ்சள் தொண்டைச் சிட்டு. அதுல இருந்துதான் இந்தியாவோட மிகப் பெரிய பறவையியல் அறிஞர் உருவானார், தன் சுயசரிதைக்கே அந்தச் சிட்டோட வீழ்ச்சின்னுதான் பேர் வச்சார். ஆனா கதையோட அடுத்த பகுதியைப் பாருங்க. விழுந்த குருவி வித்தியாசமா இருக்கேன்னு பையன் மாமாகிட்ட கொண்டு போய்க் கேட்டான். மாமா அதை அலட்சியமா தூக்கிப் போடலை. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு, மில்லர்ட்ங்கிற செயலாளர்கிட்ட அனுப்பி வச்சார். அவர் அந்தப் பையனைப் பெரிய மனுஷன் மாதிரி உட்கார வச்சு, அலமாரி அலமாரியா பதப்படுத்தின பறவைகளைத் திறந்து காட்டினார். அவனை மாத்தினது அந்த ரெண்டு பெரியவங்கதான். துப்பாக்கி மட்டும் மாத்தியிருக்கும்னா, அந்தக் காலத்துல ஏர்கன் வச்சிருந்த அத்தனை பசங்களும் சலீம் அலி ஆகியிருக்கணும்ல?

என் கருத்து இதுதான். உதை கம்மியான துப்பாக்கியைப் பசங்ககிட்ட குடுங்க, தப்பில்லை. ஆனா துப்பாக்கி சொல்லாம விட்டதைக் கூட நிக்கிற பெரியவங்க சொல்லியாகணும். எவ்வளவுக்கு எவ்வளவு உதை கம்மியோ, அவ்வளவுக்கு அவ்வளவு கூட நிக்கிற ஆள் கறாரா இருக்கணும். நிக்க முடியாதுன்னா வாங்காதீங்க.

நம்ம பீச் பலூன் கடைக்காரர் இதை ரொம்ப காலமா சரியாச் செஞ்சுக்கிட்டு இருக்கார், கவனிச்சிருக்கீங்களா? துப்பாக்கியை மடக்கிக் குண்டு போடுறது அவர். பலகை பக்கம் திருப்பிக் கையில குடுக்கிறது அவர். சுட்டு முடிச்சதும் வாங்கி வச்சுக்கிறது அவர். நாம சிநேகிதனைப் பார்த்துச் சிரிச்சுக்கிட்டே குழலைத் திருப்பினா, "சார், அந்தப் பக்கம் பாருங்க"ன்னு ஒரு அதட்டல் வரும். பெரிய பெரிய ரேஞ்சுலயும் அடிப்படை விதி அதேதான்: குழல் எப்பவும் இலக்கு பக்கம், சுடுற வரைக்கும் விரல் ட்ரிகருக்கு வெளியே.

இனி, நிஜமாவே ஆர்வம் இருக்கிற பசங்களுக்கு எதைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கணும்னு சொல்லிடறேன்.

ஒண்ணு, ஸ்ப்ரிங் ஏர்கன்னா, காத்து சிலிண்டர் ஏர்கன்னா? கடையில சில ஆயிரத்துக்குக் கிடைக்கிறது ஸ்ப்ரிங். குழலை மடக்கினா உள்ளே ஸ்ப்ரிங் அமுங்கும், ட்ரிகரை இழுத்தா பிஸ்டன் பாயும். குண்டோட உதை இதுல ஒண்ணும் இல்லாட்டியும் பிஸ்டனோட உதை உண்டு. பிஸ்டன் கிளம்புறப்போ துப்பாக்கி பின்னாடி தள்ளும், போய் முட்டி நிக்கிறப்போ முன்னாடி குதிக்கும். இந்த ரெண்டும் குண்டு குழலை விட்டு வெளியே வர்றதுக்கு முன்னாடியே நடந்து முடிஞ்சிடும். அதனால பிடி கொஞ்சம் மாறினாலும் குண்டு வேற இடத்துக்குப் போகும். பையன் எல்லாம் சரியா செஞ்சும் அட்டையில குண்டு சிதறும், "எனக்கு வரலைப்பா"ன்னு விட்டுடுவான். உதை கம்மின்னு நினைச்சு வாங்கறது கத்துக்கிறவனுக்குக் கஷ்டமானது. முன்கூட்டியே காத்து அடைச்ச சிலிண்டர் உள்ள ரைபிள்ல இந்தக் குதிப்பு கிட்டத்தட்ட கிடையாது. போட்டிகள்ல சுடுறது அதைத்தான். ஆனா நல்ல வெளிநாட்டு மேட்ச் ரைபிள் லட்சக்கணக்குல ஆகும். அதனாலதான் முதல்ல ரேஞ்சுக்குப் போய் அவங்க துப்பாக்கியில பழகச் சொல்றேன். ரெண்டு மூணு மாசத்துல ஆசை நிக்குதா ஓடிடுதான்னு தெரிஞ்சிடும்.

ரெண்டு, அளவு. துப்பாக்கியோட கட்டையை முழங்கை மடிப்புல வச்சு, முன்னங்கையை நீட்டினா விரல் சிரமப்படாம ட்ரிகரைத் தொடணும். தொடலேன்னா நீளம் அதிகம். பையன் உடம்பைப் பின்னாடி வளைச்சு எட்டிப் பிடிப்பான், அந்தக் கோணல் பழக்கமாகிடும். கட்டையை நீட்டிக் குறைக்கிற வசதி இருக்கிறது நல்லது, வளர்ற பசங்க பாருங்க.

மூணு, எடை. போட்டி விதியில 10 மீட்டர் ரைபிள் 5.5 கிலோ வரைக்கும் போகலாம். அது பெரியவங்களுக்கு. சின்னப் பசங்க மேசை மேல மணல் மூட்டை வச்சுச் சுட்டுப் பழகறதுல ஒரு கௌரவக் குறைச்சலும் இல்லை. எடை ரொம்பக் கம்மியா இருந்தாலும் ஆடும். பையன் ஒரு நிமிஷம் நடுங்காம பிடிக்க முடியுதான்னு பாருங்க.

நாலு, பவர் பெருமை வேண்டாம். "இது ஆயிரம் அடி வேகம்"னு கடைக்காரர் சொன்னா அது உங்க பையனுக்கு இல்லை. ஸ்ப்ரிங் எவ்வளவு பலமோ அவ்வளவு மடக்கறதும் கஷ்டம், குதிப்பும் அதிகம். காகிதத்துல ஓட்டை போட 7 ஜூலே போதும்.

அஞ்சு, சில்லறை விஷயங்கள். கண்ணாடி இல்லாம சுடக் கூடாது. குண்டு ஈயம், தொட்ட கையால வடை சாப்பிடக் கூடாது, சோப்பு போட்டுக் கழுவணும். ஸ்ப்ரிங் துப்பாக்கியைக் குண்டு இல்லாம சுட்டா பிஸ்டன் போயிடும். செகண்ட் ஹேண்ட்ல சிலிண்டர் ரைபிள் வாங்கினா, சிலிண்டர் மேல தயாரிச்ச தேதியைப் பார்த்து வாங்குங்க. அதுக்கு ஆயுள் உண்டு, உள்ளே இருக்கிறது 200 பார் அழுத்தம். விளையாட்டுக் காரியமில்லை.

ரேஞ்ச்னதும் எழும்பூர்ல இருக்கிற சென்னை ரைபிள் கிளப்தான் எல்லாருக்கும் ஞாபகம் வரும். கோவளத்துல இருந்து அது நாப்பது கிலோமீட்டர் பக்கம், பழைய மகாபலிபுரம் ரோட்டு ட்ராஃபிக்ல ஒரு யுகம். ஆனா ஏர் ரைபிளுக்கு 10 மீட்டர் தூரம், ஒரு ஹால் இருந்தாப் போதும். அதனால தனியார் பயிற்சி இடங்களும் இப்ப உண்டு, விசாரிச்சுப் பாருங்க. போய்ப் பார்க்கிறப்போ சுவர்ல மாட்டியிருக்கிற மெடலைப் பார்க்காதீங்க. சின்னப் பையன் ஒருத்தன் சுடுறப்போ அவன் பக்கத்துல ஆள் நிக்குதா, இல்லை போன் பார்த்துக்கிட்டு இருக்குதான்னு பாருங்க.

பறவையைச் சுடுறதுல இருக்கிற த்ரில் அட்டையில வருமான்னு கேட்டா, 10 மீட்டர் ரைபிள் இலக்கோட நடுவுல இருக்கிற பத்தாம் புள்ளியைப் பத்திச் சொல்றேன். அதோட விட்டம் அரை மில்லிமீட்டர். குண்டுண்டைய விட்டம் அதைவிட ஒன்பது மடங்கு. பத்து மீட்டர் தள்ளி நின்னு, 75 நிமிஷத்துல 60 குண்டு. கொக்கு அதுக்கு முன்னாடி யானை சைஸ். சென்னையில பிறந்த ககன் நரங் 2012 லண்டன் ஒலிம்பிக்ல இதே 10 மீட்டர் ஏர் ரைபிள்ல வெண்கலம். கடலூர்ல பிறந்த இளவேனில் வாலறிவன் 2019-ல் ரியோ உலகக் கோப்பையில தங்கம். உதையே இல்லாத ஒரு துப்பாக்கியை வச்சுக்கிட்டு அவங்க போன தூரம் அது. ஒரு கொக்கு கூடச் சாகலை.

அண்ணன்கிட்ட கடைசியாச் சொன்னது: பிறந்தநாளுக்குப் பையனுக்கு ஒரு நல்ல பைனாகுலர் வாங்குங்க. மூணு மாசம் சனிக்கிழமை காலையில ரேஞ்சுக்கு நீங்களே கூட்டிட்டுப் போங்க, நீங்களும் பக்கத்துல நில்லுங்க. அதுக்கு அப்புறமும் அவன் கேட்டா துப்பாக்கியைப் பத்திப் பேசுவோம். அண்ணன் "சனிக்கிழமை காலையிலயா?"ன்னு இழுத்தார். பையனுக்காக சனிக்கிழமை காலைத் தூக்கத்தை விட முடியாதவர் அவன் கையில துப்பாக்கி குடுக்கலாமாங்கிறதை நீங்களே சொல்லுங்க.

டிஸ்கி: நான் துப்பாக்கி விக்கிறவனும் இல்லை, பயிற்சியாளரும் இல்லை. கணக்குல தப்பு இருந்தா அடிக்க வாங்க, உண்டிகோல் மட்டும் வேண்டாம் :-)